தடி பாம்புக்கு, குரல் மனிதருக்கு

இதை எழுத உட்காருவதும், பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போவதுமாகப் பல வருஷங்கள் கழிந்துவிட்டன. எட்டாவதோடு படிப்பு நின்றவள் நான். சனிக்கிழமை விரதமும், பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பதும் தவிர எனக்கு வேறு பெருமை கிடையாது. எழுதத் தெரியாதே என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், எங்கள் வீட்டிலேயே இந்தச் சம்பவத்தை வேறு மாதிரி சொல்லிவந்தார்கள் என்பது. அப்படிச் சொன்னவள் என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. அவள் நம்பிக்கையை அவள் கண்ணெதிரே மறுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. போன வருஷம் அவள் வயதாகி, நல்லபடியாகப் பெருமாள் திருவடி சேர்ந்தாள். இனியும் தள்ளிப்போட்டால் எழுத நானும் இருக்கமாட்டேன்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஏரிக்கு மேற்கே ஒரு காப்புக்காடு. பெரிய மரங்கள் அதிகம் இல்லை. காரை, களா, சூரை, வெப்பாலை என்று முள்ளும் புதருமான காடு. எழுபதுகளின் கடைசியில் நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது, அந்தக் காட்டுக்கு வாச்சராக, அதாவது வனத்துறைக் காவல் ஆளாக இருந்தவர் ஓர் இருளர் வீட்டு அம்மா. அவருடைய புருஷனுக்குத்தான் முதலில் அந்தத் தினக்கூலி வேலை. அவருக்குக் கண் பார்வை போய்விட்டதால் இந்த அம்மா போக ஆரம்பித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊரே அவரை வாச்சரம்மா என்றுதான் கூப்பிட்டது. அந்தக் காலத்தில் நாங்கள் அவரை 'நீ' என்றும் 'அவள்' என்றும்தான் பேசினோம். எங்கள் வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவரை யாரும் அழைத்ததில்லை. இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்றுதான் எழுதுகிறது. அப்படியே இருக்கட்டும்.

அவரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்டது அவர் குரலைத்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சுள்ளி பொறுக்க மற்றப் பெண்களோடு காட்டுக்குப் போயிருந்தேன். தூரத்தில் 'தொம் தொம்' என்று தரையில் ஏதோ இடிக்கும் சத்தம். கூடவே ஒரு குரல்.

"வரேன்... வாச்சரு வரேன்... வடக்கால வரேன்..."

நான் பொறுக்கிய சுள்ளியையெல்லாம் கீழே போட்டுவிட்டேன். கூட இருந்தவர்கள் பதறவே இல்லை. சுள்ளிக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தெற்குப் பக்கமாக நகர்ந்தார்கள். "வடக்கால வரேன்னு சொல்லிச்சில்ல? நாம இப்டிக்கா போவணும். வா, வா," என்றாள் ஒருத்தி, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் மாறுவது போல.

பிற்பாடு பழகியபோது நான் கேட்டேன். "வாச்சரம்மா, திருடனப் பிடிக்கறதுக்குத்தானே ஒன்ன வச்சிக் கீறாங்க? இப்டிக் கத்திக்கினு வந்தா எவன் மாட்டுவான்?"

"புடிக்கறதுக்கா வச்சிக் கீறாங்க? காக்கறதுக்கில்ல வச்சிக் கீறாங்க?" என்றார்.

"பாம்புங்கூட ஓடிப்பூடுமா, ஒன் கொரலுக்கு?"

அதற்கு ஒரு சிரிப்பு. வெற்றிலைக் காவியேறிய பல் அத்தனையும் தெரிந்தது. "பாம்புக்கு ஏதும்மா காது? அதுக்குத்தான் தடி. தரை அதிந்தா அது ஒதுங்கிக்கும். கொரலு ஒங்களுக்கு."

சொல்லாமல் ஓரிடத்துக்குள் நுழைவது அவரிடம் கிடையவே கிடையாது. எங்கள் கொல்லைப்பக்கம் வந்தால் புளிய மரத்தடியிலேயே நின்றுகொண்டு, "யம்மா, நான்தான். நாயக் கட்டு," என்பார். அந்த நாய் செத்துப் பல மாதமாகியும் "நாயக் கட்டு" நிற்கவில்லை. "நாய் எங்க கீது? அதுதான் பூட்டுச்சே," என்றால், "தெரியும். நான் வரது ஒனக்குத் தெரியணுமில்ல," என்பார். தேன் எடுக்கும்போதும் மரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "கொஞ்சம் நவுந்துக்குங்க, ஒரு கொயந்திக்கு இருமலு," என்று சொல்லிவிட்டுத்தான் புகை போடுவார். ஈக்கள் நகர்ந்தனவா என்று என்னைக் கேட்காதீர்கள். கொட்டு வாங்கிய முகத்தோடு அவர் வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

காட்டுக்குள் சில தடங்களில் ஆவாரங்கொத்தை ஒடித்துக் குறுக்கே கட்டி வைத்திருப்பார். அப்படிக் கட்டியிருந்தால் அடுத்த மழை வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. கௌதாரி முட்டை வைத்திருக்கும், இல்லாவிட்டால் கிழங்கு இன்னும் முற்றாமல் இருக்கும். அவர்களுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது அது. ஒரு வாழை நாரில் தொங்கும் இரண்டு மஞ்சள் பூவைத் தாண்டிப் போக எங்களில் எவளுக்கும் கால் வராது.

காய்ந்த சுள்ளிக்கு அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பச்சை மரத்தில் கை வைத்தால்தான் வினை. அதற்கும் முன்கூட்டிச் சொல்லித்தான் வருவார். தெருவில் நடந்துகொண்டே பொதுவாகச் சொல்வார்: "மேற்கால உசில மரத்துல கெளய வெட்டினவங்க வூட்டுக்கு நாளைக்கு வரேன்." யார் என்று சொல்லமாட்டார். சொன்னபடி மறுநாள் போய் அந்த வீட்டு வாசலுக்கு எதிரே குந்திக்கொள்வார். கேள்வி கிடையாது, ஏச்சு கிடையாது. தண்ணீர் கேட்டுக் குடிப்பார். ஊர் நல்லது கெட்டது பேசுவார். முதல் நாள் ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்ட அந்த வீட்டுக்காரன் தானே கொடுவாளைக் கொண்டுவந்து அவர் எதிரே வைத்துவிடுவான். "இத்த எதுக்குக் குடுக்கற? வச்சிக்க. தென்ன ஓலை வெட்ட வேணுமே," என்று எழுந்து போய்விடுவார். என் வீட்டுக்காரர் சொல்லுவார், "அந்தம்மா அடிச்சிட்டாகூடத் தேவலடி. வரேன்னு சொல்லுது பாரு, அதான் பேஜாரு."

ஒருமுறை மாசி மகத்துக்கு நாங்கள் மாமல்லபுரம் போனோம். பெருமாள் கடலுக்கு எழுந்தருளும் தீர்த்தவாரியைச் சேவிக்கப் போயிருந்தோம். அந்த நாளில் இருளர் சனங்களும் எங்கெங்கிருந்தோ வந்து கடற்கரையில் கூடுவார்கள். குச்சி நட்டுப் புடவையை மறைப்பாகக் கட்டி மணலிலேயே தங்குவார்கள். விடியும்போது ஈர மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, விளக்கேற்றி, கடலில் இருக்கும் தங்கள் சாமி கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் வாச்சரம்மா. அலை வந்து தொடும் இடத்தில் நின்று தடியால் மணலை இடித்து, அக்கம்பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

"வந்துட்டோம்மா. வூட்டுக்காரு வர்ல, கண்ணு தெரியல. காட்ல காரை நல்லா காய்ச்சிக் கீது. நரி குட்டி போட்டுக் கீது. சூளைக்காரனுங்க ரெண்டு வெப்பாலைய சாச்சிட்டானுங்க, பாத்துக்க. ஏரில தண்ணி கம்மி."

நான் பக்கத்தில் போய், "கடலுகிட்ட எதுக்கு காட்டு சமாச்சாரம்?" என்றேன்.

"இன்னாம்மா இப்டிக் கேக்கற? வேலைக்கு ஆளு வச்சவ அவதானே," என்றார். பிறகுதான் தண்ணீரில் காலை வைத்தார்.

அன்றைக்குப் பெருமாளைச் சேவித்துக் கைகூப்பி நின்றபோது, வீட்டு விஷயம் ஒவ்வொன்றாக நானும் சொல்லிப் பார்த்தேன். அதுவரை எனக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டுத்தான் பழக்கம்.

இப்படி இருக்கையில் வாச்சரம்மாவுக்கு மேலாளாகப் புதிதாக ஒரு ஃபாரஸ்ட் கார்டு வந்தார். வெளியூர்ப் பிள்ளை, சின்ன வயசு, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. செங்கல் சூளைக்கு மரம் போவது மேலே தெரிந்து, ஏன் ஒரு கேஸ்கூட இல்லை என்று அவரைக் குடைந்திருக்கிறார்கள். அவர் வாச்சரம்மாவைக் கூப்பிட்டு எங்கள் வயல் வரப்பில் வைத்துத்தான் பேசினார்.

"ஏம்மா, நீங்க போடற சத்தத்துல அவ்வளவு பேரும் ஓடிடறான்."

"ஓடட்டுமே சார். ஓடறவன் மரத்தையும் தூக்கிக்கினா ஓடறான்? அது நின்னுக்கினுதானே கீது."

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். கார்டுக்கு முகம் சிவந்து போயிற்று. "சிரிக்கிற விஷயம் இல்லம்மா. இனிமே சத்தம் கூடாது, தடியும் கூடாது. மெதுவா போய்ப் பிடிக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் போட்டுக்கறேன்."

கண் தெரியாத புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கூலிதான் கஞ்சி. வாச்சரம்மா தடியை எங்கள் பம்ப்செட் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. விறகு வேண்டும். நானும் என் ஓர்ப்படியும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு முற்பகலில் காட்டுக்குப் போனோம். சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் வாச்சரம்மா அன்று வரவில்லை என்றே நினைத்துக்கொண்டோம். ஓர்ப்படி ஆட்டுக்கென்று பச்சைக் கிளை ஒன்றை இழுத்து அறுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று புதர் விலகி வாச்சரம்மா எதிரே நின்றார். எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்துபோனவர் மாதிரி இருந்தார். "நான்தான், நான்தான்..." என்று வாயெடுப்பதற்குள் ஓர்ப்படி அரிவாளை எறிந்துவிட்டுச் சருகுக்குள் கண்மண் தெரியாமல் ஓடினாள்.

சைக்கிள் டியூபில் காற்றுப் பிடுங்கியது போல ஒரு சீறல். அதற்கடுத்து அவள் அலறல்.

கண்ணாடி விரியன். கணுக்காலுக்கு மேலே கடித்திருந்தது. ஒருத்தி கட்டையை எடுத்துப் பாம்பை அடிக்க ஓடினாள். "அத்த வுடு! இவளப் பாரு!" என்று வாச்சரம்மா கத்தினார். நாங்கள் எல்லோரும் அவர் காலைத்தான் பிடித்துக்கொண்டோம். "மந்திரிச்சி வுடு வாச்சரம்மா, ஒங்க ஆளுங்களுக்குத் தெரியுமே, பச்சிலை வை, உனக்குப் புண்ணியமா போவும்."

அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

"தேளுக்கு வச்சிக்கினு கீறேன், வீக்கத்துக்கு வச்சிக்கினு கீறேன். இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. முன்னல்லாம் வச்சாங்க. பொயச்சவங்க பொயச்சாங்க, போனவங்க போனாங்க. இதுக்கு ஊசிதான். எங்க அண்ணன் பாம்பு புடிச்சி வெசம் எடுக்க குடுக்கறான். அந்த வெசத்த வச்சே ஊசி பண்றாங்க. அது பெரியாஸ்பத்திரில கீது. நடக்க வுடாதீங்க. தூக்குங்க."

என் புடவையை அவிழ்த்து அதிலேயே அவளைக் கிடத்தித் தூக்கினோம். வாச்சரம்மா காட்டு விளிம்புக்கு ஓடிக் குரல் கொடுத்தார். எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்த குரல் அது. "சார்ர்... வண்டிய எடுத்துக்கினு வா சார்ர்... ஒரு உசுரு சார்ர்..." ஏரிக்கரையில் மறைந்து உட்கார்ந்திருந்த கார்டு, வண்டிப்பாதையில் புழுதி பறக்க வந்தார். திருட்டு, கேஸ் என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். முன்னால் அவர், நடுவில் என் ஓர்ப்படி, பின்னால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாச்சரம்மா. அந்த அம்மா மோட்டார் சைக்கிளில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. வழியில் ஆடும் மாடும் வண்டியும் விலகுவதற்கு ஹாரனுக்குப் பதில் அவர்தான் கத்திக்கொண்டு போனாராம். உத்திரமேரூர் போய், அங்கிருந்து வாடகைக் கார் பிடித்துச் செங்கல்பட்டு போனார்கள். ஊசி போட்டார்கள். பல நாள் கழித்து, சதையெல்லாம் கரைந்துபோய், ஆனால் உயிரோடு என் ஓர்ப்படி வீடு திரும்பினாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வாச்சரம்மா கார்டிடம் சொன்னதை என் வீட்டுக்காரர் கேட்டுவந்து சொன்னார்.

"நாளைலேர்ந்து கத்துவேன் சார். வேணாம்னா ஆள மாத்திக்க."

அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிராமல், "கத்துங்கம்மா," என்றதாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஓர்ப்படி பிழைத்துவந்து எல்லோரிடமும் சொன்னது இதுதான்: "வண்டில போவும்போது எங்காதுல மந்திரம் சொல்லிக்கினே வந்தாங்க. கன்னியம்மாதான் அவங்க மேல வந்து என்ன காப்பாத்தினா." மயக்கத்தில் இருந்தவள் அவள். காதில் ஏதோ விழுந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அவள் சொல்லும்போது எங்களுக்கும் உடம்பு சிலிர்த்தது. ஊர் அதை எடுத்துக்கொண்டது. கையை வைத்தார், விஷம் இறங்கிவிட்டது என்றார்கள். கார்டு போனார், ஊசி போயிற்று, கதையில் மந்திரம் மட்டும் நின்றது.

நான் வாச்சரம்மாவையே கேட்டேன். "காதுல இன்னாதான் சொன்ன?"

"மந்திரமா? 'தோ பள்ளம் வருது, குலுங்கும், புடிச்சிக்க. தோ ரைஸ்மில்லு வந்துடுச்சி. தோ பாலம்'னு சொல்லிக்கினு வந்தேன். கண்ண மூடிக்கினு கீறவளுக்கு இன்னா வருதுன்னு தெரியணுமில்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில், மேற்கே ஏதோ ஊரிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. விரியன் கடித்த ஒரு நடுத்தர வயசு ஆள். பஸ் போகிற ரோட்டைத் தாண்டி, உத்திரமேரூருக்குப் போகாமல், வாச்சரம்மா குடிசையைத் தேடி வந்திருந்தார்கள். அவர் காட்டில் இருந்தார். அவர் வரட்டும் என்று நிழலில் வண்டியை நிறுத்தி, கைகட்டிக் காத்திருந்தார்கள். வழக்கம் போலக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தவர், வண்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "யார் சொன்னது ஒங்களுக்கு? இங்க எதுக்கு வந்தீங்க? போங்க, போங்க!" என்று கத்தி, அவர்களை இழுத்துக்கொண்டுபோய் ஒரு லாரியை மறித்து ஏற்றினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்பே அந்த ஆள் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் புளிய மரத்தடியிலிருந்து, "யம்மா, நான்தான்," என்று கேட்டது. குரலே வேறாக இருந்தது. நான் வெளியே வந்தேன். அவர் உட்காரவில்லை.

"அந்தாளு பொண்டாட்டி எங்கால்ல வியறா. 'ஒரு தபா மந்திரிச்சி இருக்கலாமே தாயி'ன்னு அயுவுறா. நான் அவளுக்கு இன்னா சொல்லுவேன்? நீ படிச்சவ. நீ எல்லாருக்கும் சொல்லு. நான் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லு."

நான் சொல்லாமல் இல்லை. கோயிலில் சொன்னேன், குளத்தங்கரையில் சொன்னேன். அவரும் சும்மா இருக்கவில்லை. சந்தைக்கும் பஸ் நிற்குமிடத்துக்கும் போய், காட்டில் போடும் அதே குரலில், "பாம்பு கட்ச்சா என் வூட்டுக்கு வராதீங்க! ஊசிதான்! எனக்கு மந்திரம் தெரியாது!" என்று கத்தினார். சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பெரிய மந்திரக்காரங்க அப்டித்தான் சொல்லுவாங்க, வெளில காட்டிக்க மாட்டாங்க," என்றார்கள். ஒருத்தர் கற்பூரம்கூட ஏற்றினார். அந்த அம்மா அதைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு வந்து, என்னிடம் குழந்தை மாதிரி அழுதார். காட்டில் அவர் குரலைக் கேட்டு விலகாதவர்களே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஒருத்தர்கூட விலகவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவர் குடிசை இருந்த இடத்தில் யாரோ மஞ்சள் பூசிய கல் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். போன மாதம் கோயில் பிராகாரத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தக் கல்லில் கயிறு கட்டினால் விஷக்கடி அண்டாது, கடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று. வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்துவிட்டேன்.

சாமி இல்லை என்று சொல்கிறவள் இல்லை நான். கன்னியம்மா அன்றைக்கு வரவே இல்லை என்று சாதிக்கவும் எனக்குத் தகுதியில்லை. வந்திருந்தால் அவள் அந்தப் பையனின் மோட்டார் சைக்கிளிலும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் ஊசியிலும், 'எங்கிட்ட மருந்து இல்ல' என்று சொன்ன அந்த வாயிலும்தான் வந்திருப்பாள்.

இதைப் படிக்கிறவர்கள் அந்த அம்மாவைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அழகுக்காகவோ பக்திக்காகவோ ஒன்றையும் சேர்க்காதீர்கள், கார்டையும் ஊசியையும் விட்டுவிடாதீர்கள். கேட்கிறவர்களுக்குப் பொறுமை இல்லையென்றால் அந்த அம்மாவையே விட்டுவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். பாம்பு கடித்தால் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.